சுட்ட மண்ணும் எழுதப்படாத வரலாறும் – ஜவ்வாது மலையை முன்வைத்து

முன்னுரை

மனிதன் மண்ணிலிருந்து படைக்கப்பட்டவன் என்பது பல சமயங்களும் ஒப்பும் கருத்தாகும். அம்மனிதன் தன் கையால் முதன்முதலாகப் படைத்த பொருள்களுள் ஒன்று மட்கலம். சோறு சமைக்கவும், நீர் சேமிக்கவும், விதை காக்கவும், இறந்தாரை இட்டுப் புதைக்கவும் அவனுக்கு மட்கலமே துணை நின்றது. ஓலை மட்கும், துணி மட்கும், மரம் செல்லரிக்கும். நெருப்பில் சுட்ட மண்ணோ மூவாயிரம் ஆண்டு கழிந்த பின்னும் தன் வடிவம் காட்டி நிற்கும்.

ஆயினும் வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. எழுத்து விட்டுச் சென்றோர் வரலாறு உடையோர் என்றும், ஏனையோர் வரலாறு அற்றோர் என்றும் கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பாலாற்றங்கரை ஊர்களில் வாழும் நமக்கு ஜவ்வாது மலை அன்றாடக் காட்சி. அம்மலையிலிருந்து இறங்கி வந்து பயிலும் மாணவர், வரலாற்று நூல்களில் தம் ஊரைத் தேடினால் சந்தன மரத்தையும் அருவியையும் தேனையும் சாமையையும் காண்பர். தம் முன்னோரைக் காண்பது அரிது. இழந்த வரலாற்றைச் சுடுமண் கலை வழியாக மீட்டுரைக்கும் முயற்சிகள் உலகில் சில இடங்களில் நடந்துள்ளன. அவற்றை எடுத்துக்காட்டி, ஜவ்வாது மலைக்கு அவை கற்பிக்கும் பாடம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் அதன் பழஞ்சுவடுகளும்

ஜவ்வாது மலை இன்றைய திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது. ஜமுனாமரத்தூர் அதன் நடுவூர். செய்யாறு தோன்றுவது இம்மலையில்தான். அவ்வாற்றைச் சேயாறு என்னும் பெயரால் மலைபடுகடாம் குறிக்கின்றது. 583 அடிகளால் அமைந்த அப்பாட்டின் தலைவனாகிய நன்னன், ஜவ்வாது மலையடியில் உள்ள செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். அவனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் பெருங்கௌசிகனார், வழியிடை மலைவாழ் மக்கள் விருந்தோம்பும் திறத்தை விரிவாகப் பாடுகின்றார். ஆகவே இப்பகுதி மக்கள் தமிழ் இலக்கியத்திற்குப் புதியவர் அல்லர்.

இலக்கியத்திற்கு அடுத்த சான்று நடுகல். செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களைத் தொகுத்து, இரா. நாகசாமி அவர்கள் பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூல் 1972-இல் வெளிவந்தது. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் உயிர் நீத்த வீரரின் பெயரும் ஊரும் அக்கற்களில் உள்ளன.

அவற்றுக்கும் முற்பட்டவை எழுத்தில்லாச் சான்றுகள். ஜவ்வாது மலைமேல் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் இட்ட கல்திட்டைகள் காணப்படுகின்றன. குள்ளமான மாந்தர் முற்காலத்தில் வாழ்ந்த வீடுகள் என்று இத்தகைய கல்திட்டைகளைப் பற்றி வட தமிழகத்து மலையூர்களில் கூறுவர். தீட்டி வழவழப்பாக்கிய புதிய கற்காலக் கைக்கோடரிகளைக் கோயிலிலோ மரத்தடியிலோ குவித்து வழிபடும் வழக்கமும் இம்மலையில் உண்டு. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்க வேண்டிய பொருள் இங்கு மஞ்சள் குங்குமம் பெற்று வாழ்கின்றது. பொருளின் பயன் மறந்தும், அது போற்றத்தக்கது என்ற நினைவு மறையவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மட்கலச் சான்றுக்கு நாம் மலையடிவாரத்திற்கு வர வேண்டும். திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1964-65, 1967-68 ஆகிய ஆண்டுகளில் அகழாய்வு நடத்தியது. புதிய கற்கால மக்கள் நிலத்தில் குழி தோண்டி, அதன்மேல் கூரை வேய்ந்து வாழ்ந்தமையும், கொள்ளும் பச்சைப்பயறும் உண்டமையும் அங்கு வெளிப்பட்டன. அவர்தம் கலங்கள் சாம்பல் நிறத்தன. அதற்கு மேலடுக்கில் இரும்புடன் கூடிய கருப்பு சிவப்பு மட்கலங்கள் கிடைத்தன.

கருப்பு சிவப்பு மட்கலம் செய்யும் முறை அறிவு நுட்பம் வாய்ந்தது. கலத்தைச் சூளையில் தலைகீழாகக் கவிழ்த்துச் சுடுவர். காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கருமை பெறும். காற்றும் கனலும் தாக்கும் வெளிப்புறம் சிவக்கும். ஒரே நெருப்பில் ஒரே கலத்துக்கு இரு வண்ணம் ஊட்டிய இவர்களை அறிவில் குறைந்தோர் என்பது பொருந்துமோ? அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் தமிழக அரசு அறிவித்ததை இத்துடன் இணைத்து எண்ணினால், இம்மலைத் தொடர்களைச் சூழ்ந்த நாகரிகத்தின் தொன்மை விளங்கும்.

ஏட்டில் ஏறிய சட்டமும் ஏறாத உரிமையும்

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வெள்ளையர் பெருந்திரளாகக் குடியேறி, அங்கு வாழ்ந்த தொல்குடியினரை அகற்றி, நிலத்தைத் தமதாக்கிக்கொண்டனர். இதனைக் குடியேற்ற ஆதிக்கம் என்பர். இந்தியா முழுமையும் அவ்வாறு ஆயிற்று என்று கூறுதல் சாலாது. எனினும் மலைப்பகுதிகளின் நிலை வேறு. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் கல் வீடு கட்டிக் குடியேறிய பின், தோடரின் எருமை மேய்ந்த புல்வெளிகள் மாளிகைகளாகவும் தோட்டங்களாகவும் மாறின. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன.

ஜவ்வாது மலையில் அத்தகைய வெள்ளையர் நகரம் எழவில்லை. அங்குச் சென்றது சட்டம். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி ஒரு காட்டை ஒதுக்கப்பட்ட காடு என அறிவிக்குமுன், உரிமை கோருவோர் குறித்த காலத்திற்குள் முறையிட வேண்டும். கோராத உரிமை அற்றுப்போகும். எழுதப் படிக்க அறியாத மலைமக்கள் அரசாங்க அறிவிப்பைக் கண்டு மனுச் செய்வது எங்ஙனம்? தலைமுறை தலைமுறையாக உழுத கொல்லையும் மேய்த்த காடும் மரமும் தேனும் ஏட்டில் அரசுடைமையாயின. அம்மக்களின் வாழ்க்கை முறையே குற்றமாக மாறிய இடம் இதுவாகும்.

அதன் நீண்ட நிழல் நம் காலத்திலும் விழுந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டியதாகக் கூறி இருபது தமிழகத் தொழிலாளர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தோரும் இருந்தனர். தம் காட்டில் வாழ வழியின்றி அயல் காட்டிற்குக் கூலிக்குச் சென்ற மக்கள், செய்தித்தாளில் இடம்பெற்றது தம் சாவினால் மட்டுமே.

இம்மலையின் மலையாளிப் பழங்குடியினரிடம் தம் தோற்றம் குறித்த கதை ஒன்று வழங்கியது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூலில் அது பதிவாகியுள்ளது. கங்குந்தி வேடர் காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டனர். மறுக்கப்பட்டதால் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு வேளாளர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாம் மாண்டதாகக் கொண்டு ஈமக்கடன் செய்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் கடந்தனர், நாய்களோ பாதியில் திரும்பி ஊர் சேர்ந்தன. வேடரை வென்று மீண்ட எழுவரும் தம் வீட்டில் தமக்கே இறுதிச் சடங்கு முடிந்திருக்கக் கண்டனர். உயிரோடிருந்தும் ஊரால் ஏற்கப்படாத அவர்கள் வேட்டுவ மகளிரை மணந்து ஜவ்வாது மலை ஏறி, உழவு செய்து வாழ்ந்தனர் என்பது அக்கதை.

உயிருடன் இருப்போரை இறந்தார் எனக் கணக்கெழுதி முடித்துவிட்ட கதை இது. வனச் சட்டத்தின் வரலாற்றை அறிந்தோருக்கு இக்கதை வெறும் பழங்கதையாகத் தோன்றாது.

நீலகிரியின் சுடுமண் உருவங்கள்

சுடுமண் கலையும் மலைமக்கள் வரலாறும் குடியேற்ற ஆட்சியும் ஒன்றோடொன்று மோதிய களம் தமிழகத்தில் ஒன்று உண்டு. அது நீலகிரி. அம்மலை உச்சிகளில் கல்லடுக்கி வட்டமாக எழுப்பிய ஈமக் குழிகளை வெள்ளை அதிகாரிகள் 19-ஆம் நூற்றாண்டில் தோண்டினர். நீலகிரியின் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். அவர் 1872-இல் மறைந்தார். மலைக்குடிகளையும் நினைவுச் சின்னங்களையும் பற்றிய அவரது நூல் 1873-இல் வெளிவந்தது.

அடுக்கடுக்காக உயர்ந்த கலங்களும், அவற்றின் மூடிகள்மேல் எருமை, மான், பறவை, ஆண், பெண் எனக் கைவிரலால் பிடித்த உருவங்களும் அக்குழிகளில் கிடைத்தன. கழுத்தணியும் தலைக்கோலமும் தெரிய மகளிர் உருவங்களைப் பிடித்துள்ளனர். எருமையின் வளைந்த கொம்பைக் காண்போர், அதனைப் பிடித்த கை எருமையோடு வாழ்ந்த கை என்பதை ஐயமின்றி உணர்வர். இன்று அவற்றுட் பல இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் சென்னை அரசு அருங்காட்சியகத்திலும் உள்ளன.

இவற்றைச் செய்தோர் யார் என்ற வினா எழுந்தது. தோடரின் முன்னோர் என்றனர் சிலர். வேற்றினத்தார் என்றனர் வேறு சிலர். தோடரோ பொதுவாக இவற்றுக்கு உரிமை கொண்டாடவில்லை. வாதிட்டோரும் தீர்ப்புக் கூறியோரும் வெள்ளையரே. அதே மலையில் கோத்தர் இன மகளிர் தம் கையால் மட்கலம் வனைந்து, அண்டைக் குடியினருக்கும் வழங்கி வந்தனர். ஆயினும் பழங்கலங்களை ஆராய்ந்த அறிஞருக்கு அம்மகளிர் தகவல் தருவோராகவே தோன்றினர், அறிஞராகத் தோன்றவில்லை. பொருள் ஒரு நாட்டிலும், அதைப் படைத்த நிலம் ஒரு நாட்டிலும், விளக்கம் மூன்றாமவர் கையிலும் சென்று சேர்ந்தன. வரலாற்றை இழத்தல் என்பது இதுவே.

அயலகக் கலைஞர் மூவர்

இழந்ததைத் திரும்பப் பெற வழியுண்டா? அயல்நாட்டுத் தொல்குடிக் கலைஞர் மூவரின் பணி இங்கு எண்ணத்தக்கது.

முதலாமவர் அமெரிக்காவின் அரிசோனாவில் வாழ்ந்த ஹோப்பி-தேவா குடியைச் சேர்ந்த நம்பேயோ என்னும் மூதாட்டியார். சிக்யாட்கி என்னும் பாழடைந்த ஊரை ஃப்யூக்ஸ் என்னும் ஆய்வாளர் 1895-இல் அகழ்ந்தார். நம்பேயோ அப்பழங்கலங்களின் ஓட்டுச் சில்லுகளை உற்றுநோக்கி, அவற்றின் வடிவையும் கோலத்தையும் தம் கலங்களில் மீண்டும் பிறப்பித்தார். பழையதை அவர் படியெடுத்ததோடு நில்லாமல், அதன் இலக்கணத்தைக் கற்றுப் புதிய கலங்களைப் பாடினார் எனலாம். முதுமையில் பார்வை மங்கிய பின்னும் விரலின் தொடுவுணர்வால் வனைந்தார். 1942-இல் அவர் மறைந்தார். அவர் வழித்தோன்றல்கள் தலைமுறைகளாக அக்கலையைத் தொடர்ந்தனர்.

இரண்டாமவர் நியூ மெக்சிகோவின் கோச்சிட்டி ஊரைச் சேர்ந்த விர்ஜில் ஓர்ட்டிஸ். அப்பகுதிப் புவேப்லோ மக்கள் 1680-இல் போப்பே என்பவர் தலைமையில் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். முடிச்சிட்ட கயிறுகளை ஓட்டவீரர் ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். நாளுக்கு ஒரு முடிச்சாக அவிழ்த்து, எழுச்சியின் நாளைக் கணக்கிட்டனர். ஸ்பானியர் விரட்டப்பட்டனர், 1692-இல்தான் அவர்களால் மீண்டும் நுழைய முடிந்தது. தம் நாட்டுப் பாடநூல்கள் போதிய இடம் தராத இவ்வெழுச்சியை ஓர்ட்டிஸ் சுடுமண்ணில் படைத்தார். 1680-இல் நடந்தது 2180-இல் மீண்டும் நிகழ்வதாகக் கற்பித்து, ஓட்டவீரரையும் வில்லாளிகளையும் எதிர்கால மாந்தராக உருவாக்கினார். மண்ணும், செடியிலிருந்து காய்ச்சும் கரிய வண்ணமும் அவர் தாயார் கற்பித்த பழைய முறையினவே. கதை மட்டும் எதிர்காலத்தது.

மூன்றாமவர் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் வெய்ப்பா பகுதியில் 1937-இல் பிறந்த தாங்கூப்பி அம்மையார். அவர் மக்களின் நிலம் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாக்சைட் சுரங்க நிறுவனத்துக்குத் தரப்பட்டது. அம்மக்களிடம் மட்கலம் வனையும் மரபு இல்லை. வண்ணமண் சடங்குக்கு உரியதாக இருந்தது. 1970-களில் சிட்னி சென்று சுடுமண் கலை பயின்ற தாங்கூப்பி, உருண்டைக் கலங்களை வனைந்து, அவற்றின்மேல் தம் குடியின் கதைகளைக் கீறினார். சுரங்கம் விழுங்கிய நிலத்தின் கதைகள் அந்நிலத்து மக்களின் கையாலேயே மண்ணில் ஏறின. தம் தாய்மொழியாகிய தைனக்வித் சொற்களைத் தொகுத்து 2007-இல் அகராதியும் வெளியிட்டார். 2011-இல் மறைந்தார். கலமும் அகராதியும் ஒரே பணியின் இரு கைகள் என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகின்றது. தமிழ்த்துறையினராகிய நாம் நினைவில் நிறுத்த வேண்டிய செய்தி இது.

கற்பனைக்கு எல்லை உண்டா?

இங்கு ஒரு தடை எழும். வரலாறு உண்மையை நாடுவது. கலை கற்பனையை நாடுவது. கற்பனையால் வரலாற்றை நிரப்பினால் பொய் மலியாதா? இத்தடை புறந்தள்ளத்தக்கதன்று. கல்திட்டைகளைக் கட்டியோர் இன்றைய மலையாளி மக்களின் நேர் முன்னோர் என நிறுவச் சான்று இல்லை. அவர்தம் கதையே அவர்களைக் காஞ்சியிலிருந்து வந்தோர் என்கின்றது. சான்றில்லாத பரம்பரையைக் கட்டி உரைப்பது, வெள்ளையர் செய்த பிழையை மறுபுறம் நின்று செய்வதாகவே முடியும்.

மேற்கூறிய மூவரிடமிருந்து மூன்று நெறிகளை நாம் பெறலாம். ஒன்று, இழந்த மக்களின் கையே படைக்க வேண்டும். பிறர் உதவலாம், முன்நின்று பேசலாகாது. இரண்டு, நடந்தது இது, சொல்லப்படுவது இது, கற்பித்தது இது எனக் கலைஞர் பிரித்துக் காட்ட வேண்டும். 2180 என்னும் ஆண்டைப் பெயரிலேயே பொறித்த ஓர்ட்டிஸ் எவரையும் ஏமாற்றவில்லை. மூன்று, பழம்பொருளைப் பெயர்த்தெடுக்காமல் அதிலிருந்து கற்க வேண்டும். இம்மூன்றும் அமையின் கற்பனை வரலாற்றுக்குப் பகையாகாது.

நம் இலக்கியமும் இதற்குச் சான்று பகரும். புறநானூற்றின் 228-ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், இறந்த கிள்ளிவளவனுக்குத் தாழி செய்ய முனையும் குயவரை நோக்கி இரங்குகின்றார். அவன் புகழ்க்கு ஏற்ற தாழி வனைய நிலவுலகே சக்கரமாகவும் மேருவே மண்ணாகவும் வேண்டுமே என்பது அவர் கற்பனை. கேட்போர் எவரும் அதனைப் பொய் என்னார். 256-ஆம் பாட்டில் கணவனை இழந்தாள் ஒருத்தி, தன்னையும் கொள்ளுமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுகின்றாள். பையம்பள்ளி ஓடுகள் தாமே சொல்லாத துயரை இப்பாட்டு சொல்கின்றது. சங்கப் புலவர் மட்கலத்திற்குக் குரல் தந்தனர். மலைமக்களின் மட்கலத்திற்குக் குரல் தருவோர் அம்மக்களாகவே இருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்கின்றது. அதன் விதிகளுள் 13-ஆம் விதி, உரிமைக்குரிய சான்றுகளாக ஏற்கத்தக்கவற்றை அடுக்குகின்றது. மூத்தோர் வாய்மொழியை எழுத்தில் பதிந்த கூற்றும், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற தொன்மை காட்டும் அமைப்புகளும் அவற்றுள் அடங்கும். 1882-இல் ஏடில்லாமையால் இழந்தவருக்கு, நினைவும் ஒரு சான்று எனச் சட்டம் இன்று கூறுகின்றது. ஆகவே ஒரு மூதாட்டியின் நினைவைப் பதிவு செய்யாமல் விடுவதனால் இலக்கியத்திற்கு மட்டுமன்றி, ஒரு குடும்பத்தின் நிலத்திற்கும் இழப்பு நேரலாம்.

மாணவச் செல்வங்கள் முதலில் சொற்களைத் தொகுக்க வேண்டும். மலையூர்களில் மண் வகைக்கும், சாமை சமைக்கும் பானைக்கும், விதை காக்கும் கலத்திற்கும், கல்திட்டைக்கும், பாறைக்கும், சுனைக்கும் என்னென்ன பெயர் வழங்குகின்றன என்பதை ஊர், நாள், சொன்னவர் விருப்பம் ஆகியவற்றுடன் எழுதிக் கொள்ளலாம். பழைய ஓட்டையோ கல் கோடரியையோ கண்டால் எடுத்து வாராமல், இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்கு அறிவித்தலே முறை.

ஆசிரியப் பெருமக்கள் இப்பதிவுகளைப் பருவந்தோறும் சரிபார்த்து, கூறியவர் ஊருக்கே ஒரு படி திரும்பச் சேரச் செய்தல் வேண்டும். எடுத்துச் செல்வோரையே கண்டு பழகிய மலையூருக்குத் திருப்பிக் கொடுப்போரும் உண்டு என்பது அப்போதுதான் விளங்கும்.

சமுதாயப் பெரியோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. மலைப்பள்ளி ஒன்றில் சிறு சூளை அமைக்க ஆகும் செலவு பெரிதன்று. சமவெளிக் குயவர் ஒருவர் மண் பிசையவும் சுடவும் கற்பித்தால் போதும். ஆற்றைக் கடக்கும் எழுவரையும், பாதியில் திரும்பும் ஏழு நாய்களையும், நிலத்தை அளக்கும் சங்கிலியையும், படிக்கத் தெரியாத கையில் திணித்த அறிவிப்பையும் மலைச் சிறார் தாமே பிடித்துச் சுடட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் இது கதை, இது ஆவணம், இது எம் கற்பனை என்று அவர்களே எழுதட்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மட்கலம் எழுத்திலா மக்களின் ஏடு என்பதும், அவ்வேட்டின் பொருளைப் பிறர் எடுத்துச் சென்றமையால் விளைந்த இழப்பு யாது என்பதும், அயலகத் தொல்குடிக் கலைஞர் புதிய கலங்களால் அவ்விழப்புக்கு விடை கண்டனர் என்பதும், கற்பனைக்கும் நேர்மையான நெறி உண்டு என்பதும் பெறப்பட்டன. ஜவ்வாது மலைக் கதையில் நாய்கள் முன்னே வந்துவிட்டன. ஊரார் ஆடவரை இறந்தார் எனத் துணிந்தனர். ஒரு மக்களைப் பற்றி யார் முதலில் வந்து சொல்கின்றனரோ அவர் சொல்லே நிலைத்துவிடுகின்றது. அம்மக்கள் தாமே வந்து சொல்லும்வரை கதவைத் திறந்து வைத்திருப்பது கல்வி நிலையங்களின் கடமையாகும்.